பிப்பை ஒருமுறை ஒழுங்கு செய்து வையுங்கள்: யாழ்ப்பாணக் கணினிக்கூடப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம், யாழ்ப்பாணம் என்று எந்த வலயத்தில் கற்பித்தாலும் இந்த வேண்டுகோள் உங்களுக்குத்தான். பைத்தான் நிரல்மொழிக்கான பொதிகளை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை, இறக்கி நிறுவும் கருவிதான் பிப். கணினிக்கூடத்தில் அதை, முழுக் கூடத்துக்குமாக ஒருமுறை ஒழுங்கு செய்து வையுங்கள்.

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்துக்குப் பெரும்பாலும் வெறும் பைத்தான் போதும். ஒரு பிள்ளை ஆர்வத்தில் தரவுக் கோப்பொன்றைத் திறந்து வரைபு கீற நினைக்கும்போது பிப் வேண்டியிருக்கிறது. என்னிடம் உதவி கேட்டு வரும் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே நின்றுபோனவர்கள். நிரல் எழுதத் தெரியாமல் இல்லை, பொதி இறங்கவில்லை.

தரவைக் கையாளும் பாண்டாஸ், வரைபு கீறும் மட்பிளொட்லிப் என்ற இரண்டு பொதிகளையும் கேட்டால், எண் கணிப்புக்கான நம்பையும் வேறு சிலவும் கூடவே வரும். எல்லாம் சேர நாற்பது எம்.பி. அளவு. பிப் இறக்கியதை அந்தந்தக் கணினியின் பயனர் கணக்கில்தான் சேமிக்கும். ஆகவே இருபது கணினி இருந்தால் அதே பொதிகள் இருபது தடவை இறங்கவேண்டும். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டால் பாடசாலை இணைப்பு எப்படித் தாங்கும்?

வழி இருக்கிறது. நல்ல இணைப்புள்ள ஒரு கணினியில் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் தேவையான பொதிகளை ஒரு கோப்புறையில் இறக்குங்கள். அந்தக் கணினியின் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் கூடத்துக் கணினிகளுடையவையாகவே இருக்கட்டும். மாறினால் நம்பை போன்றவை நிறுவப்படா. கோப்புறையை எல்லோரும் அணுகும்படி பகிருங்கள். அப்புறம் ஒவ்வொரு கணினியிலும் பிப்பின் அமைப்புக் கோப்பில் [global] என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரிகள்: இணையத்தில் தேடாதே என்று ஒன்று, இந்தக் கோப்புறையில் தேடு என்று மற்றது. விண்டோஸில் 'புரோகிராம் டேட்டா'வுக்குள் பிப் கோப்புறையில் வைத்தால் எல்லாப் பயனர்களுக்கும் செல்லும். ஒத்த பெயரில் எவராவது தீய பொதி ஏற்றியிருக்க, பிள்ளை ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால் வரும் ஆபத்தும் இதனால் குறையும். பிப் வழமையாகத் தேடும் இணையக் களஞ்சியத்தில் யாரும் பொதி ஏற்றலாம் என்பதை மறக்கவேண்டாம்.

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு இயங்குதளம் போட்ட கூடங்களுக்குத் தனியாக ஒரு சொல். 23.04 பதிப்பிலிருந்து, இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவ மறுக்கிறது. அதைக் கட்டாயப்படுத்தி மீறும் வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்காதீர்கள். உபுண்டுவின் பல கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் வென்வ் என்ற தனிச் சூழலைத் திறக்கப் பழக்குங்கள். அதற்கான பொதியை நிர்வாகக் கடவுச்சொல் உள்ள நீங்கள்தான் முதலில் நிறுவி வைக்கவேண்டும், பிள்ளையால் முடியாது. முழுக் கணினிக்குமான பிப் அமைப்புக் கோப்பு அந்தச் சூழல்களுக்கும் செல்லும்.

விண்டோஸில் 'பிப்' என்ற கட்டளையே தெரியாது என்று கணினி சொன்னால், பைத்தானை நிறுவும்போது 'பாத்' பெட்டியில் சரி அடையாளம் இடாததே பெரும்பாலும் காரணம்.

ஒரு பிற்பகல் ஒதுக்கினால் முடிகிற வேலை இது. வலய அலுவலகங்களில் இப்பாடத்துக்குப் பொறுப்பானவர்கள் முன்வந்தால் கோப்புறையை ஒருமுறை தயாரித்துப் பென்ட்ரைவில் எல்லாப் பாடசாலைக்கும் அனுப்பலாம். நெடுந்தீவுக்கு, குறிகாட்டுவானில் படகேறும் ஆசிரியர் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டாலே போதும்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்