மாமரத்துக்குப் பழுப்பு இலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி பழையபடியேதான் இருக்கிறது.

ஏழாம் வகுப்பில், பச்சைக்கும் பழுப்புக்கும் வேறுபாடு தெரியாமல் நீ மாமரத்துக்குப் பழுப்பு இலை தீட்டியதும் வகுப்பே சிரித்ததும் நினைவிருக்கிறதா? நானும் சிரித்தேன். போன மாதம் ஒரு கூட்டத்தில், கடல்நீரின் உப்பளவைக் காட்டும் என் வரைபடத்தைத் திரையில் போட்டேன். முன்வரிசைக்காரர் ஒருவர், "இதில் பச்சை எது, ஆரஞ்சு எது? எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதே" என்றார். அன்றைக்குச் சிரித்தது இப்போது உறைத்தது.

நான் போட்டிருந்தது பழைய வானவில் நிற வரிசை. நீலத்தில் தொடங்கி, பச்சை, மஞ்சள் வழியாகக் கருஞ்சிவப்பில் முடியும். வரைபடம் போட உதவும் மென்பொருள்களான மேட்லேப் 2014இலும் மேட்பிளாட்லிப் 2017இலும் அதற்குப் பதிலாக வேறு வரிசைகளை வைத்துவிட்டன. நான்தான் பழக்கத்தை விடவில்லை. அதன் கோளாறு உன் போன்றவர்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. மஞ்சள் பளிச்சென்று எரிவதால், வங்கக் கடலின் நடுவே ஏதோ எல்லைக்கோடு ஓடுவதுபோல் எனக்கே தெரிந்தது. எண்களைப் பார்த்தால் உப்பு சீராகத்தான் ஏறுகிறது. ஜெராக்ஸ் எடுத்தாலோ, கங்கை கொட்டும் நன்னீரும் அரபிக் கடலின் உப்புநீரும் ஒரே கறுப்பு!

சொந்தமாக ஒரு வரிசை செய்ய உட்கார்ந்தேன். நிறத்தை முதலில் தேடக்கூடாது என்று புரியவே இரண்டு நாள் ஆனது. வெளிச்சம்தான் முதலில். சிஐஇ லேப் என்ற அளவுமுறையில் கறுப்பு 0, வெள்ளை 100. திரையின் தூய மஞ்சள் 97, தூய நீலம் 32. நான் 20இலிருந்து 90 வரை சம படிகளாக ஏற்றிக்கொண்டு, பிறகே நிறம் பூசினேன்: கருநீலம், நீலம் கலந்த பச்சை, வெளிர்மஞ்சள். மஞ்சளை நடுவில் இருட்டாக வைக்க ஆசைப்பட்டேன். நடக்கவில்லை. இருட்டினால் அது மஞ்சளாக இருப்பதில்லை, சேறாகிவிடுகிறது.

உன் போன்றவர்களுக்கும் பொருந்தும்படி 2018இல் வந்த சிவிடிஸ் என்ற நிற வரிசையையே எடுத்திருக்கலாமே என்பாய். அதன் நடுப்பகுதி சாம்பல். நான் நிலப்பகுதிக்கும் சாம்பல்தான் பூசுகிறேன், கரை கடலில் கரைந்துவிடுகிறது. நிலத்தை வெள்ளையாக விட்டிருந்தாலே போதும் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தோன்றியது. போகட்டும்.

இரண்டு தாள்கள் இணைத்திருக்கிறேன். ஒன்று பழையது, ஒன்று புதியது. புதியதன் நடுநிறம் உனக்குச் சாம்பலாகத் தெரியலாம்; பரவாயில்லை, வெளிச்சப் படிகள் தெரிகின்றனவா என்று பார். இரண்டிலும் எல்லை இருப்பதாக உனக்குப் படும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. பகல் வெளிச்சத்தில் பார், உன் கடையின் மஞ்சள் விளக்கடியில் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்