நுழைவுச்சீட்டு இல்லாத கச்சேரிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டுரியான் பழம்போல் கூரை முள்முள்ளாக நிற்கும் எஸ்பிளனேட் கலை அரங்கம் சிங்கப்பூரில் 2002 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, "இது நமக்கு இல்லை, பணக்காரர்களுக்கு" என்றுதான் நானும் நினைத்தேன். அங்கு நடப்பவற்றில் சுமார் 70 சதவீதம் இலவசம் என்பது பிறகுதான் தெரிந்தது. மரினா பே நீரைப் பார்த்தபடி இருக்கும் திறந்தவெளி அரங்கில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

நவம்பரில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா நடக்கும்போது அங்கே போய்ப் பாருங்கள். ஒருமுறை எனக்கு முன்வரிசையில் ஒரு கட்டுமானத் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனம் முடியும்வரை கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். படம் எடுக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அழைப்பு போட்டிருந்தார்! பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி தாளம் போட முயன்று, இரண்டாவது சுற்றில் விட்டுவிட்டார்.

ஒரு சிறு குறை, நம் பக்கத்தில்தான். இலவசம் என்றால் பாதியில் எழுந்து போகலாம், சத்தமாகப் பேசலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சரி, குழந்தை அழுதால் போகட்டும். ஆலாபனையின் நடுவே சாப்பாட்டுக் கடையைப் பற்றி விவாதிப்பது நியாயமா?

பாடகர்கள் அடுத்து வரும் ராகத்தின் பெயரை மட்டுமாவது தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுப் பாடினால், அந்தப் பாட்டி போன்றவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

- வாசகர், சிங்கப்பூர்