ஐஸ் கொடுத்த அங்கிளுக்கும் மற்ற எல்லோருக்கும்

சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் தச்சு வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரன் எழுதுகிறேன். நாலு மாதத்துக்கு முன் டேபிள் சா என்னும் மேசை ரம்பத்தில் என் இடது கை ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. இன்று அது ஒட்டி, பாதி மடங்குகிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

தப்பு என்னுடையதுதான். காலையில் பலகையில் பள்ளம் எடுக்க, அறுத்த வாய் மூடாமல் பிளேடின் பின்னால் நிற்கும் தகடான ரைவிங் நைஃபையும், பிளேடை மூடும் காப்பான கார்டையும் கழற்றினேன். மதியம் நயாத்தோ மரப் பலகையை நீளவாக்கில் அறுத்தபோது திரும்ப மாட்டவில்லை. இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல். அறுத்த வாய் சுருங்கி பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வியது. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறுபவை. பலகையைத் தூக்கி என் மேலேயே எறிந்தன. பலகையோடு கையும் பிளேடுக்குப் போனது. கைக்குப் பதிலாகப் பலகையைத் தள்ள வேண்டிய தள்ளுகட்டை பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் நன்றி வங்காளதேசத் தம்பிக்கு. சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு, என் கையை உயர்த்தித் துணியால் அழுத்திப் பிடித்தவன், ஆம்புலன்ஸ் வரும்வரை பிடியை விடவில்லை.

மரத்தூளில் கிடந்த விரலை எடுத்தது முதலுதவி படித்த சீன அக்கா. அப்படியே ஐஸில் போடுங்கள் என்று நான் கத்தினேனாம். அவர் கேட்கவில்லை. நேரே ஐஸ் பட்டால் சதை செத்துவிடுமாம். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்தார். விடிய விடிய நரம்பு கோத்த டாக்டர்களே அதைப் பாராட்டினார்கள்.

ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்ததோடு, விபத்தை மறைக்காமல் பதிவு செய்த சூப்பர்வைசருக்கும் நன்றி. வேலைக்காய இழப்பீட்டில் தப்பு யாருடையது என்று பார்ப்பதில்லை என அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

டோர்மிட்டரி (தொழிலாளர் விடுதி) நண்பர்கள் என் துணியைத் துவைத்தார்கள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார்கள், அம்மாவிடம் 'சின்னக் கீறல்தான்' என்று ஒரே குரலில் பொய் சொன்னார்கள். தெரபிஸ்ட் அக்கா களிமண் மாதிரி ஒன்றைப் பிசையவைத்தே விரலை மடக்க வைத்தார். விரல் பட்டதும் கண்ணிமைப்பதற்குள் நின்றுவிடும் ரம்பம் 2004-லிருந்து அமெரிக்காவில் விற்கிறதே, உங்களிடம் இல்லையா என்று கேட்டார். இல்லை அக்கா. ஆனால் எங்கள் கார்டு இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

கடைசியாக, தேநீர்க்கடை அங்கிள். தே பெங் (ஐஸ் தேநீர்) போட வைத்திருந்த ஐஸை வாளியோடு தூக்கி வந்தவர் இன்றுவரை காசு வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் அங்கிள், வாங்கித்தான் ஆகவேண்டும்.