பதினொரு மூட்டை மூன்றான கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பேத்தியோடு சேர்ந்து நீயும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியிருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஃபார் லூப் இருக்கும்போது மேப் என்ற கட்டளை எதற்கு என்று கேட்டிருந்தாய். சென்ற மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால், அதன் அருமையும் அதில் நான் தடுக்கி விழுந்த இடமும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

நெல் அரைவை மில் ஒன்றுக்கு மூட்டைக் கணக்குப் பார்க்கும் சிறிய நிரல் எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் தட்டும் எண்கள் ஸ்டிரிங்காகவே, அதாவது வெறும் எழுத்துகளாகவே வந்து சேரும் என்பதால், கூட்டிப் பார்க்கும் முன் அவற்றை எண்ணாக மாற்றியாக வேண்டும். லூப் என்றால் வெற்று அரே (வரிசைப் பட்டியல்) ஒன்றைத் திறந்து வைத்து, 0-இலிருந்து தொடங்கும் வரிசை எண்ணான இன்டெக்ஸை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றாகப் புஷ் செய்து சேர்க்க வேண்டும். மேப்பிடமோ ஓர் உறுப்பை என்ன செய்வது என்று ஒரு ஃபங்ஷனை (சிறு செயல்கூறை)க் கொடுத்துவிட்டால், அது பழைய அரேயைத் தொடாமல் அதே நீளத்தில் புதிய அரே ஒன்றைத் தந்துவிடும். லிஸ்ப் என்ற நிரல்மொழியை விளக்கி ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே மேப்லிஸ்ட் என்ற பெயரில் இதன் மூதாதை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலைக்குள் மேப் 2009-இல்தான் நுழைந்தது.

நான் செய்த பிழை இதுதான். பார்ஸ்இன்ட் எண்ணாக மாற்றும் ஃபங்ஷன்தானே என்று அதை அப்படியே மேப்பிடம் கொடுத்துவிட்டேன். நால்வர் கொண்டுவந்த மூட்டைகள் 12, 15, 11, 21. திரையில் வந்ததோ 12, அடுத்து ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் NaN, பிறகு 3, 7. பதினொரு மூட்டை கொண்டுவந்தவருக்கு மூன்று என்று காட்டினால் அவர் சும்மா இருப்பாரா?

மேப் தன் ஃபங்ஷனுக்கு உறுப்பை மட்டும் தருவதில்லை. இன்டெக்ஸையும் முழு அரேயையும் சேர்த்தே தருகிறது. பார்ஸ்இன்ட்டோ இரண்டாவதாக வருவதை எண்ணின் அடிமானமாக, அதாவது எத்தனை இலக்கங்களை வைத்து எண்ணுவது என்பதாக (நாம் வழக்கமாக எண்ணுவது 10) எடுத்துக்கொள்ளும். முதல் உறுப்பின் இன்டெக்ஸ் 0. அடிமானம் சொல்லப்படவில்லை என்று கருதி 10-ஐ வைத்துக்கொண்டதால் அது தப்பியது. 1 என்ற அடிமானம் செல்லாது, ஆகவே NaN. இரண்டடிமானத்தில் 11 என்பது 3 (2 + 1), மூன்றடிமானத்தில் 21 என்பது 7 (2 × 3 + 1). கணக்கு என்னவோ சரிதான், கேட்டவன்தான் தவறாகக் கேட்டிருக்கிறேன்.

இப்போது உறுப்பை மட்டும் வாங்கி, அடிமானம் 10 என்று வெளிப்படையாகச் சொல்லிப் பார்ஸ்இன்ட்டை அழைக்கும் ஆரோ ஃபங்ஷன் (அம்புக்குறி இட்டுச் சுருக்கமாக எழுதும் ஃபங்ஷன்) ஒன்றை இடையில் வைத்துவிட்டேன். நம்பர் என்ற ஃபங்ஷனை நேரடியாகக் கொடுத்தாலும் வேலை நடக்கும். ஆனால் நிரப்பாமல் விட்ட கட்டத்தை அது பூஜ்யம் என்று சொல்லிவிடும். மூட்டையே கொண்டுவராதவரும் எண்ணிக்கையை எழுத மறந்தவரும் மில்காரருக்கு ஒன்றல்லவே.

பேத்தியிடம் அந்த நான்கு எண்களைக் கொடுத்து, ஐந்தாவதாக 10 என்று சேர்த்தால் என் பழைய பிழையான நிரலில் என்ன வரும் என்று கேட்டுப் பார். விடையை அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்