மாதத் தவணையை மட்டும் சொல்லாதீர்கள்

வாகனக் கடன் வழங்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், ஷோரூம்களில் கடன் மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் எங்கள் பக்கத்துத் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் காரை வாங்கப் போனபோது நானும் என் கணவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "மாதம் எவ்வளவு வரும்?" மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று கேட்கவில்லை. ஒப்பந்தத்தைப் படிக்கவும் இல்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. குழந்தை வருவதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே இல்லை.

அந்தக் காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் கடன். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், குறையும் அசலின் மீது. தவணைக்காலம் 7 ஆண்டுகள். மாதத் தவணை 1.66. இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் இதே கடனை 3 ஆண்டுகளில் அடைத்தால் வட்டி 16. 5 ஆண்டுகளில் 27. 7 ஆண்டுகளில் 39. இந்த மூன்று எண்களையும் அருகருகே எழுதி யாராவது எங்கள் முன் வைத்திருந்தால், சின்ன வண்டியாகப் பார்த்திருப்போம் என்று உறுதியாகச் சொல்வேன்.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் 20 சேமிப்பு இருந்தது. "அதைத் தொட வேண்டாம், முன்பணமே தேவையில்லை" என்றார்கள். அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. மகள் பிறந்த ஆறாவது மாதத்துக்குள் அந்தச் சேமிப்பு கரைந்துபோனது. நான் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். தவணை மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வீட்டுச் செலவு கிரெடிட் கார்டுக்கு மாறியது. ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினோம். மாதம் 3 சதவீத வட்டி என்பது, பாக்கியின் மேல் பாக்கியாகச் சேர்ந்து ஓராண்டில் 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். கார் வாங்கியதால் வந்த கார்டு கடன் அது. ஆனால் எந்தக் கார் கடன் கணக்கிலும் அது தெரியாது.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போனதும், தவணையைக் குறைக்க வழி உண்டா என்று கேட்க ஷோரூமுக்கே திரும்பப் போனோம். அதுவரை 40 கட்டியிருந்தோம். அதில் 18 வட்டிக்குப் போயிருந்தது, அசலில் கழிந்தது 22. கடன் பாக்கி 78. காருக்கு அவர்கள் போட்ட விலை 62. வண்டியைக் கொடுத்தாலும் மேலே 16 கொடுக்க வேண்டும் என்பது அந்த மேசையில்தான் எங்களுக்கு முதன்முறையாகப் புரிந்தது. தொடக்கத்திலேயே அந்த 20-ஐ முன்பணமாகக் கட்டியிருந்தால் பாக்கியும் 62 சொச்சம்தான் இருந்திருக்கும். விற்றுக் கடனை அடைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட வழி வேறு. 90 விலையுள்ள புதிய கார், பழைய பாக்கி 16, ஆக 106 கடன், 8 ஆண்டுகள். மாதத் தவணை 1.66-லிருந்து 1.61 ஆகக் குறைந்தது. தவணை குறைந்ததில் அன்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். பல மாதங்கள் கழித்து ஒரு இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பழைய கடனில் மீதமிருந்தது 60 தவணை, ஏறத்தாழ 100. புதியதில் 96 தவணை, ஏறத்தாழ 154. மாதத்துக்கு 0.05 மிச்சப்படுத்த, மூன்று ஆண்டுகள் கூடுதலாகக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தோம். அந்தக் காகிதத்தைக் கணவரிடம் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்.

ஓராண்டு முடிவில் அந்தக் காரை விற்றோம். பாக்கி 97, கிடைத்தது 70. மீதி 27-க்குத் தனிநபர் கடன். இன்று எங்களிடம் கார் இல்லை. அந்த 27-ஐ இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இடையில் பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை என்பதே பெரிய ஆறுதல். வண்டி முழுதாகச் சேதமானால் இன்சூரன்ஸ் தருவது அன்றைய வண்டியின் மதிப்பைத்தான், கடன் பாக்கியை அல்ல. மிச்சம் நம் தலையில்தான் விழும்.

எங்கள் கடனில் வட்டிக் கணக்காவது நேராக இருந்தது. எங்கள் நண்பர் ஒருவருக்கு "ஃபிளாட் 10 சதவீதம்" என்று சொல்லி 5 ஆண்டுக் கடன் கொடுத்தார்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாத அந்த முறையில், உண்மையான வட்டி ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கும் மேல். அவர் இன்றும் தன் வட்டி 10 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். அமெரிக்காவில் மொத்த வட்டிச் செலவையும் உண்மையான ஆண்டு வட்டியையும் கடன் வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று 1968-லேயே சட்டம் வந்தது. அச்சில் இருப்பது அவசியம்தான். நான் கேட்பது அதற்கும் மேலே ஒன்று: வாய்விட்டுச் சொல்லுங்கள். மாதத் தவணையைச் சொல்லும் அதே மூச்சில் மொத்தத் தொகையையும் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் கடன் பாக்கி எவ்வளவு இருக்கும், வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு இரவு வைத்திருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். பழைய பாக்கியைப் புதிய கடனில் சேர்க்கும்போது அதைத் தனி வரியாகக் காட்டுங்கள். இதனால் சில விற்பனைகள் கைவிட்டுப் போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கடனுக்குத் தகுதி பார்த்தபோது இரண்டு சம்பளத்தையும் கூட்டித்தான் பார்த்தார்கள். அந்த மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். என் நிலையைப் பார்த்து வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். குழந்தை பிறந்த பிறகு என் சம்பளம் வருமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஓராண்டு விடுப்பு எடுப்பதென்று நாங்கள் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தோம்.

இப்படிக்கு,
உங்களிடம் இருமுறை கடன் வாங்கிய ஒரு தாய்