சப்டைட்டிலைச் சரிசெய்த தம்பிக்கு நன்றி

புதுச்சேரி திரைப்பட விழாவில் மதியக் காட்சியின் நடுவே வந்து லேப்டாப்பைச் சரிசெய்த தம்பிக்கு எங்கள் நன்றி. பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள்.

சப்டைட்டில் முதலில் சரியாக வந்து, போகப்போகப் பிந்தினால் அது வெறும் தாமதம் இல்லை. படம் நொடிக்கு 25 பிரேமில் (அதாவது 25 தனிப்படங்களாக) ஓடுகிறது, சப்டைட்டில் கோப்போ 23.976 பிரேமுக்குத் தயாரானது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கிவிடும். படத்தை ஓட்டும் விஎல்சி மென்பொருளில், சப்டைட்டிலை முன்னே இழுக்கும் ‘ஜி’ விசையை எத்தனை முறை தட்டினாலும் (ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட்) அந்த நேரத்துக்குச் சரியாகும், ஓரிரு நிமிடத்தில் மறுபடி பிந்தும். தம்பி தொட்டது சப்டைட்டிலின் வேகத்தை: 25-ஐ 23.976-ஆல் வகுத்தால் வரும் 1.043 மடங்காக வைத்தார். அதன் பிறகே ‘ஜி’. இந்த வரிசைதான் பலருக்குத் தெரிவதில்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் அகலமாக இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிந்தபோது, ‘ஏ’ விசையால் 4:3-க்கு (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) மாற்றியதும் அவரே.

விழா நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் ஓட்டிச் சோதிக்காதீர்கள். ஒரு மணி நேரம் தள்ளி வைத்துப் பாருங்கள், கோளாறு அங்கே பளிச்செனத் தெரியும்.

தம்பி, அடுத்த விழாவில் பார்த்தால் டீ எங்கள் கணக்கு.