இரண்டு தறியை நிறுத்தி வைத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். இந்த நன்றி மடலை ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பதற்றத்துக்காகச் சாப்பிட ஆரம்பித்து விட முடியாமல் போன மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசித் துண்டை விழுங்கியது 2024 செப்டம்பரில். அன்றைக்கே எழுதியிருக்கலாம், ஆனால் அதற்கப்புறமும் சில மாதம் காதில் இரைச்சல் இருந்தது, தூக்கம் வருவதும் போவதுமாக இருந்தது, முழுசாகத் தேறிய பிறகு சொன்னால்தான் சரி என்று இருந்துவிட்டேன். இப்போது தேறிவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா தவறிய வருஷம், 2019-ல், நின்ற இடத்தில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்ட ஆரம்பித்தது. மாரடைப்போ என்று பயந்து இரண்டு தடவை ஈசிஜி எடுத்தோம், இதயத்தில் ஒன்றுமில்லை. பதற்றம்தான் என்று சொல்லி ஒரு மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பதினைந்து நாளும் அது என்னைத் தாங்கிப் பிடித்தது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எப்போது, எப்படி நிறுத்துவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே சீட்டைக் காட்டிக் காட்டி நாலு வருஷம் வாங்கிச் சாப்பிட்டேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனையில் புதிதாக மெடிக்கல் வைத்த தம்பிக்கு. 2023 ஏப்ரலில் அவர்தான் முதன்முதலாக மாத்திரை தர மறுத்தவர். அட்டையில் இருந்த சிவப்புக் கட்டத்தைக் காட்டி, "அக்கா, இது எச்1 மருந்துங்க, தனி நோட்டில் டாக்டர் பேர், உங்க பேர் எல்லாம் எழுதி மூணு வருஷம் வைக்கணும், இந்தப் பழைய சீட்டுக்குக் குடுக்க முடியாதுங்க, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அதுவரைக்கும் நீங்களா நிறுத்திறாதீங்க" என்றார். கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. நாலு பேர் முன்னால் மறுத்துவிட்டாரே என்ற ரோஷம்தான் நின்றது. வருஷப் பிறப்பன்று, இனி இந்தச் சனியனே வேண்டாம் என்று ஒரேயடியாக விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கை நடுங்கி, தம்ளரில் இருந்த தண்ணீர் புடவையெல்லாம் கொட்டியது. கண்ணை மூடினால் கட்டில் ஆற்றில் மிதப்பதுபோல இருந்தது. தலைத்தோலுக்குள் கரண்ட் ஓடியது. குக்கர் விசில் அடித்தால் உடம்பே தூக்கிப் போட்டது. மூன்று ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. நான்காம் நாள் என்னைக் காணவில்லை என்று அந்தத் தம்பியே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, என் அண்ணன் மனைவியிடம் விஷயத்தைக் கேட்டு, "வலிப்பு வந்துரும்க்கா, இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்று ஆட்டோவையும் பிடித்துக் கொடுத்தார். தம்பி, உங்கள்மேல் நான் கோபப்பட்டதற்கு மன்னிப்பும் இதிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் டாக்டரம்மா. அதற்கு முன்னால் பார்த்த ஒருவர், பழைய வியாதிதான் திரும்பிவிட்டது, டோஸைக் கூட்டலாம் என்றார். நீங்கள் மட்டும்தான் என்றைக்கு நிறுத்தினேன், என்றைக்கு நடுக்கம் வந்தது என்று தேதி போட்டுக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, இது மாத்திரை திடீரென்று இல்லாமல் போனதால் வந்தது என்று சொன்னபோது நான் அழுததற்குக் காரணம் பயமில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா என்று கேட்டேன். "அடிமைங்கிற வார்த்தையை எடுத்துடுங்க, உங்க உடம்பு பழகிடுச்சு, அவ்வளவுதான்" என்றீர்கள். எத்தனை பேருக்கு இந்த ஒரு வரி தேவைப்படுகிறது தெரியுமா? குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரைச் சொல்கிற அதே சொல்லால் என்னையும் சொல்வார்கள் என்று பயந்துதான் நாலு வருஷமும் வாயைத் திறக்கவில்லை. மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் பிரேக் மாதிரி வேலை செய்கிறது, மாத்திரை அந்த பிரேக்குக்குக் கூடுதல் பலம் கொடுக்கிறது, பல மாதம் கொடுத்தால் மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது, அந்த நேரத்தில் மாத்திரையைப் பிடுங்கினால் வண்டி தறிகெட்டு ஓடத்தானே செய்யும் என்று படம் போட்டு விளக்கினீர்கள். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

முதலில் பழைய டோஸுக்கே திருப்பி, உடம்பு அடங்கும்வரை காத்திருந்து, ஜூன் மாதம்தான் டாக்டரம்மா குறைக்கிற வேலையை ஆரம்பித்தார். அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், அதனால்தான் காலையில் போட்டது சாயங்காலமே இறங்கி ஆட்டம் காட்டுகிறது, அதே வகையைச் சேர்ந்த டயாசிபாம் என்ற மாத்திரை நாள்கணக்கில் தங்கி மெதுவாக இறங்கும் என்று சொல்லி, ஒரு வேளை மாத்திரையை முதலில், மற்றதை அப்புறம் என்று மாற்றிக் கொடுத்தார். 1 மில்லிகிராம் அல்பிரசோலத்துக்குச் சுமார் 20 மில்லிகிராம் டயாசிபாம் என்று கணக்கு. அங்கிருந்து பத்து வரை இரண்டிரண்டாக, பத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக, கடைசியில் அரை அரையாக. ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று வாரம். மொத்தம் பதினைந்து மாதம். இது என் உடம்புக்குப் போட்ட கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கும். இதைப் படிக்கிற யாராவது இப்போது இந்த வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து நான் ஏப்ரலில் செய்ததைச் செய்துவிடாதீர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஆறு மில்லிகிராமில் வந்து நின்றபோது எனக்கு மறுபடியும் மோசமானது. நாக்கு எரிந்தது, தொடைச் சதை தன்பாட்டுக்குத் துடித்தது, கண்ணாடியில் என் முகமே யாரோபோலத் தெரிந்தது. தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். "இங்கேயே ஒன்றரை மாசம் நில்லுங்க, யாரும் நம்மைத் துரத்தலை" என்றார் டாக்டரம்மா. ஓபியில் வெளியே அத்தனை கூட்டம் காத்திருந்த நேரத்தில் எனக்கு இதைச் சொன்னார்.

அவர் மூலமாகத்தான் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியரைத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட முடியாமல் தவித்தவர்களுக்காகவே ஒரு கிளினிக் நடத்தி, நோயாளிகள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, கற்றதையெல்லாம் எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தவர். 2019-ல், நான் முதல் மாத்திரை போட்ட அதே வருஷம், காலமாகிவிட்டார். அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழியில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், குமாரபாளையத்திலிருந்து மைசூருக்குச் சரக்கு ஏற்றிப் போவார். மெதுவாக இறங்குவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "திம்பம் மலையில இருபத்தேழு கொண்டை ஊசி. லோடு வண்டியை எப்பிடி இறக்கறது? முதல் கியர்ல, ஒவ்வொரு வளைவா. அடுத்த வளைவைப் பத்தி இப்ப எதுக்கு நெனைக்கற?" என்பார். டோஸ் குறைக்கிற வாரங்களில் மட்டும் வெளியூர் லோடு எடுக்காமல் இருந்தார். வருமானம் குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகளே, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது உன் பழைய கணக்கு நோட்டின் மிச்சப் பக்கங்களில் தேதி, டோஸ், தூக்கம் எத்தனை மணி, நடுக்கம் பத்துக்கு எத்தனை என்று கட்டம் போட்டுக் கொடுத்தாய். மோசமான நாளில் அதைப் புரட்டி, "அம்மா, போன தடவையும் ஏழாவது நாள் இப்படித்தான் இருந்தே, பதினொண்ணாவது நாள் பாரு, மூணுன்னு போட்டிருக்கே" என்று காட்டுவாய். டாக்டரம்மாவின் மருந்துக்கு அடுத்தது எனக்கு அந்த நோட்டுத்தான். கடைசி மாதங்களில் 2 மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்ட வேண்டியிருந்தது. பிளேடு வைத்தால் பொடிந்துபோகும், மெடிக்கல் தம்பி கொடுத்த வெட்டுப் பெட்டியிலும் ஒரு கால் துண்டு பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும் விழும். நீ எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துண்டுகளைப் பரப்பி, குனிந்து பார்த்து, பெரிசும் சிறிசும் மாறி மாறி வருகிறமாதிரி வாரம் முழுக்க அடுக்கி வைப்பாய். ஒரு பதினைந்து வயசுப் பெண்ணுக்கு இந்த வேலை வரக்கூடாது. ஆனாலும் நீ செய்தாய், தங்கம்.

அண்ணன் மனைவிக்கு: நங்கை, நீங்கள் கொண்டு வந்த ரசம் சாதத்தைவிட, வந்து உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்களே, அதுதான் பெரிசு. "இன்னுமா சரியாகலை?" என்று கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான்.

நான் கணக்கு எழுதுகிற நூல் கடை முதலாளிக்கு: பதினொரு மணிக்கு வரச் சொன்னீர்கள், கணக்கில் பிழை விட்டபோது நீங்களே திருத்தி வைத்தீர்கள், அது எனக்குத் தெரியும்.

14416-ல் பேசிய அந்தப் பெண்ணுக்கு: டெலிமானஸ் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அரசு மனநல உதவி எண் அது. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ராத்திரி இரண்டரை மணிக்கு, வீட்டுக்காரர் லோடில் இருந்த ஒரு நாள், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றி அழைத்தேன். அவசரப்படுத்தாமல் தமிழில் பேசி, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டீர்கள், ஆமாம் என்று என்னாலும் நேராகவே சொல்ல முடிந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, நங்கையை எழுப்பி என் பக்கத்தில் வந்து படுக்கச் சொல்லும்வரை போனை வைக்கவில்லை.

கடைசியாகப் பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணன். குமாரபாளையத்தில் பிறந்த எனக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. ஆனால் அந்த மாதங்களில் நாடா அடிக்கிற ஒவ்வொரு அடியும் பல்லில் வந்து இறங்கியது. நாங்கள் கேட்கக்கூட இல்லை, வீட்டுக்காரர் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அன்று ராத்திரியே எங்கள் சுவரை ஒட்டிய இரண்டு தறியையும் நிறுத்திவிட்டீர்கள். "அதுக்கென்ன அம்மிணி, பகல்ல ஓட்டிக்கலாம்" என்றீர்கள். ஏழு மாதம். மீட்டர் கூலியில் ஏழு மாத ராத்திரி என்றால் எவ்வளவு போகும் என்று, கணக்கு எழுதுகிறவள், எனக்குத் தெரியாதா அண்ணா?

போன கார்த்திகையில் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து, இனி ராத்திரியும் ஓட்டுங்கள் என்று சொன்னேன். நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். அன்றைக்குப் பத்து மணிக்குத் தறி ஓட ஆரம்பித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எப்போது தூங்கினேன் என்று ஞாபகமில்லை.